தொடங்க எழுபத்தைந்து, முடிக்க இருபத்தைந்து

இமெல்டாவுக்கு மனிதர்கள்மேல் பெரிய மதிப்பு எப்போதுமே இருந்ததில்லை. பதினாறு வருடங்களாக ஆஸ்பத்திரித் துணிகளோடு மாரடிக்கிறவளிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஜேர்மனியில், டோர்ட்மண்டின் வடக்கு ஓரத்தில், ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்தது ஒஸ்ட்விங்கல் சலவைத் தொழிற்சாலை. ஒன்பது ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் போர்வை உறைகளும் சத்திரசிகிச்சை அங்கிகளும் அங்கேதான் வந்து குவியும். முதல் ஆறு வருடங்கள் அழுக்குப் பக்கத்தில் மூட்டை பிரித்தவள் அவள். பேராசிரியரின் விரிப்பும் பஸ் ஓட்டுநரின் விரிப்பும் ஒரே நாற்றம்தான் அடிக்கும் என்பதை மூக்கால் அறிந்துகொண்டாள். அதன் பிறகு யாருடைய கழுத்துப்பட்டியைப் பார்த்தும் அவள் எழுந்து நின்றதில்லை.

பிறந்தது மன்னார் பேசாலையில். எண்பத்தாறில் அகதியாக வந்தவள். இப்போது நாற்பத்தேழு வயதில், சுத்தப் பக்கத்தில், ஈர விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் கொடுக்கும் இயந்திரத்தில் நின்றாள்.

2007 தை மாதம் முதலாளி ஒஸ்ட்விங்கல் எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டார். தாத்தா தொடங்கிய தொழிலை அலுங்காமல் பெற்றுக்கொண்ட பேரன். "நாங்கள் ஒரு குடும்பம்" என்று தொடங்கினார். முதலாளி குடும்பம் என்ற சொல்லை வாயில் எடுத்தால் அன்றைக்கு யாருக்கோ சம்பளம் குறையப் போகிறது என்று இமெல்டா பக்கத்தில் இருந்தவளின் காதில் சொன்னாள். சொன்னபடியே நடந்தது.

அந்த நாட்டில் அந்தக் காலத்தில் ஆகக்குறைந்த சம்பளம் இவ்வளவு என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டம் கிடையாது. முதலாளிமார் சங்கமும் தொழிற்சங்கமும் ஒரு மேசையில் இருந்து பேசி, எழுதி, கையெழுத்து வைப்பதுதான் சம்பளம். ஒஸ்ட்விங்கல் ஒரு வருடத்துக்கு முன்னரே சத்தமில்லாமல் முதலாளிமார் சங்கத்தை விட்டு விலகியிருந்தார். அந்த அறிவித்தல், கிழமைச் சாப்பாட்டு அட்டவணைக்கும் வாகனத் தரிப்பு விதிகளுக்கும் நடுவில் பலகையில் குத்தப்பட்டிருந்தது. சாப்பாட்டு அட்டவணையை எல்லோரும் வாசித்தார்கள். மார்கழியோடு பழைய ஒப்பந்தம் முடிந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்குப் புதிய ஒப்பந்தம் வரும்வரை பழைய சம்பளமே தொடரும். இனி வந்து சேர்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பழையவர்களுக்கு மணித்தியாலத்துக்கு எட்டு யூரோ தொண்ணூறு சதம். புதியவர்களுக்கு ஏழு யூரோ பத்து. இதைத்தான் அந்தக் குடும்பத் தலைவர் முக்கால் மணித்தியாலம் சுற்றி வளைத்துச் சொன்னார்.

மாசி மாதம் யோகம் வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்தாறு வயது, கலியாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்தவள். வருகிற மார்கழி முப்பத்தோராம் திகதியோடு முடியும் தவணை வேலை. அவளை இமெல்டாவின் இயந்திரத்திலேயே விட்டார்கள். ஒரு விரிப்பின் இடது மூலை இமெல்டாவின் கையில், வலது மூலை யோகத்தின் கையில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் கொடுத்தால்தான் துணி சுருங்காமல் உள்ளே போகும். ஒரு மூலைக்கு எட்டுத் தொண்ணூறு. மறு மூலைக்கு ஏழு பத்து.

"அக்கா, இதென்ன கணக்கு?" என்று முதல் சம்பளத் துண்டு வந்த அன்று யோகம் கேட்டாள்.

"கணக்கில்லை, களவு. வடிவா ரைப் அடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாள் இமெல்டா.

பழையவர்களையும் சும்மா விட்டுவைக்க ஒஸ்ட்விங்கலுக்கு மனம் வரவில்லை. பங்குனியில், தனித்தனியாகக் கையெழுத்து வைக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒரு புதிய வேலை ஒப்பந்தம் அச்சடித்தார். வைத்தால் உடனே இருநூறு யூரோ. தமிழர்களிடம் அதைக் கொண்டு திரிந்தவர் தியாகராசா. அழுக்குப் பக்கத்து மேற்பார்வையாளர். தமிழர் முப்பது பேரில் பாதிப் பேரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவர். சேர்த்துவிட்டதை ஒருநாளும் மறக்கவிடாதவர். கோயில் நிர்வாகத்தில் பொருளாளர். யாருடைய வீட்டுச் சாமத்தியச் சடங்கானாலும் முதல் வரிசைக் கதிரையில் அவர்தான் இருப்பார். கதிரை இல்லாவிட்டால் யாராவது எழும்பும்வரை நிற்பார்.

"தங்கச்சி, இதிலை யோசிக்க ஒண்டுமில்லை. முதலாளி நல்ல மனுசன். நான் நேரை கதைச்சனான்" என்று இமெல்டாவிடம் வந்து பேனையை நீட்டினார்.

இமெல்டா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஐந்து பக்கங்களையும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே வாசித்தாள். தியாகராசா இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அண்ணை, நாலாம் பக்கம் வாசிச்சனீங்களோ?"

"எல்லாம் வாசிச்சனான்."

"அப்ப சொல்லுங்கோ, நாலாம் பக்கத்திலை என்ன கிடக்கு?"

தியாகராசா சிரித்தார். அவருடைய அகராதியில் சிரிப்பும் ஒரு பதில்தான். நாலாம் பக்கத்தில், நிறுவனம் இனி என்ன விதியை மாற்றினாலும் கீழே கையெழுத்திட்டவர் அதை ஏற்றுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தது. அதைத்தான் இருபத்திரண்டு தமிழர்கள், வாசிக்காமல், அண்ணை சொன்னார் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள். இமெல்டா ஒப்பந்தத்தை நாலாக மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே வைத்துவிட்டாள்.

அடுத்த கிழமை அவள் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனாள். சாண்ட்ரா என்ற செயலாளர் இருந்தாள். முப்பத்தைந்து வயது, கட்டை மயிர், ஒரே நேரத்தில் ஒன்பது நிறுவனங்களைக் கவனிக்கிறவள். சங்கத்தார் பேசும் பாஷை இமெல்டாவுக்குச் சிரிப்பாக இருந்தது. வேலைநிறுத்தம் செய்யக்கூடாத காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சமாதானக் கடமை.

"உங்களுடைய சமாதானக் கடமை மார்கழியோடு முடிந்துவிட்டது" என்றாள் சாண்ட்ரா. "ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை அதிலுள்ள விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. இப்போது ஒப்பந்தம் இல்லை. செய்யலாம்."

"அப்ப நாளைக்கே செய்வமே?"

"எத்தனை பேர் சங்கத்தில் இருக்கிறீர்கள்?"

நூற்றி எண்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர். சாண்ட்ரா படிவக் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இமெல்டாவுக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அந்தப் படிவங்களை நிரப்ப ஆவணி வரை ஆனது. துருக்கிப் பெண்களிடம், போலந்துப் பெண்களிடம், உடுப்பு மாற்றும் அறையில், பஸ் தரிப்பிடத்தில், திருப்பலி முடிந்த பின் தேவாலய வாசலில் என்று நின்று நின்று ஆள் சேர்த்தாள். சங்கச் சந்தா என்றதும் வாய்விட்டு அழுதவர்கள் உண்டு. அதே ஆட்கள் நகைச் சீட்டுக்கு மாதம் இருநூறு கட்டுகிறவர்கள் என்று இமெல்டாவுக்குத் தெரியும். அதை முகத்துக்கு நேரே சொல்லவும் சொன்னாள். யோகம் முதல் நாளே சேர்ந்தாள். ஆவணி முடிவில் நூற்றிப் பதினெட்டுப் பேர். அவர்கள் கூடி, பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். தமிழர் பக்கத்தில் இமெல்டா. கோரிக்கை இரண்டு: எல்லோருக்கும் ஐந்து வீதம் கூட. பழையவருக்கும் புதியவருக்கும் ஒரே சம்பளம்.

முதல் சுற்று விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நடந்தது. ஒஸ்ட்விங்கல் தன் சட்டத்தரணியோடு வந்தார். வெளிச்சத் திரையில் எரிவாயு விலை ஏறுகிற கோடு, தண்ணீர் விலை ஏறுகிற கோடு, லாபம் இறங்குகிற கோடு என்று காட்டினார். லாபக் கோட்டுக்கு வந்தபோது குரல் தழுதழுத்தது. இமெல்டா கோட்டைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டைக் கழுத்தைப் பார்த்தாள். கையால் கஞ்சி போட்டு, கையால் மினுக்கிய கழுத்து. அவருடைய தொழிற்சாலையில் அப்படி ஒரு கழுத்து வராது. மனுசன் தன் சட்டையைத் தோய்க்க வேறு எங்கேயோ, விலை கூடிய இடத்துக்குக் கொடுக்கிறார். ஏழு யூரோ பத்துச் சதத்தில் மினுக்கிய சட்டையை அவரே போடமாட்டார்.

இடைவேளையில் மூன்று வகை பிஸ்கற்றோடு கோப்பி வந்தது. ஒஸ்ட்விங்கல் அவளிடம் வந்து, இத்தனை வருடங்களில் இவ்வளவு நன்றாக ஜேர்மன் பேசக் கற்றுக்கொண்டீர்களே என்று மெச்சினார். "உங்களுடைய ஒப்பந்தத்தின் நாலாம் பக்கம் வாசிக்கத்தான் படித்தேன்" என்று அவள் சொன்னாள். மனுசன் பிஸ்கற்றை எடுக்காமலே போய்விட்டார்.

இரண்டாம் சுற்றில் ஒரு வீதம் தருவதாகச் சொன்னார். அதற்குப் பதிலடியாக இரண்டு மணித்தியாலம் வேலையை நிறுத்தி, ஊதல் ஊதிக்கொண்டு வாசலில் நின்றார்கள். எச்சரிக்கை வேலைநிறுத்தம். மூன்றாம் சுற்றில் அந்த ஒரு வீதம் ஒன்றரை ஆனது. புதியவர்களுடைய சம்பளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "அது என் சொந்த வீட்டு விஷயம்" என்றார். சாண்ட்ரா தன் காகிதக் கோப்பை மூடினாள். பேச்சு முறிந்தது என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தார்கள். முறிந்ததற்கும் கையெழுத்து வைக்கிற நாடு இது என்று இமெல்டா நினைத்துக்கொண்டாள்.

பிறகு வாக்கெடுப்பு. வேலைநிறுத்தம் தொடங்க, சங்க உறுப்பினர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் ஓம் சொல்ல வேண்டும். நூற்றிப் பதினெட்டில் நூற்றிமூன்று பேர் சொன்னார்கள். ஐப்பசி நடுவில், ஒரு திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு, சிவப்பு நெகிழி அங்கிகளைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். மழை. பழைய தகர பீப்பாயில் விறகு போட்டு எரித்தார்கள். அழுக்கு வண்டிகள் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பின.

ஆறேகாலுக்குத் தியாகராசா வெள்ளை நிற வான் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே பதினான்கு பேர். சிலர் தொழிற்சாலை ஆட்கள், சிலர் அவர் வெளியே பிடித்த ஆட்கள். வாசலில் வான் ஊர்ந்தபோது பெண்கள் கைப்பையால் முகத்தை மறைத்தார்கள். பெரிய வெள்ளிப் பவனியில் சிலுவை சுமக்க முந்திக்கொண்டு வருகிற ஒரு மனிதர் இருக்கைக்குக் கீழே குனிந்தே போய்விட்டார்.

"அவருக்கு முதுகுவருத்தம் எண்டெல்லே சொன்னவை. நல்லா வளையுதே" என்று இமெல்டா சத்தமாகவே சொன்னாள். வாசல் முழுக்கச் சிரித்தது. யோகம் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தாள்.

நோயாளிகளைத் தண்டிக்கக் கூடாது என்பதற்காக, சங்கமும் முதலாளியும் அவசர வேலைக்கு ஒரு தனி உடன்படிக்கை எழுதியிருந்தார்கள். சத்திரசிகிச்சை அங்கிகளும் குழந்தைகள் பிரிவுத் துணிகளும் மட்டும் தோய்க்கப்படும். அதற்கென்று ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு பேர் உள்ளே போவார்கள். புதன்கிழமை அது இமெல்டாவின் முறை. பச்சை அங்கிகள் என்று சீட்டு ஒட்டிய பெரிய கூடை ஒன்றை அவள் கவிழ்த்தாள். மேலே இரண்டு அடுக்குப் பச்சை. கீழே முழுக்க, விளிம்பில் தங்கநிற நூலோடிய வெள்ளைக் கைத்துடைப்பான்கள். ஏதோ ஹோட்டலினுடையவை. மஞ்சள் கறையும் வைன் கறையும் காயாமல் இருந்தன.

அவள் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். ஒஸ்ட்விங்கலும் சட்டத்தரணியும் இருந்தார்கள்.

"இதால் எந்த உறுப்பைச் சத்திரசிகிச்சை செய்தார்கள் என்று சொல்வீர்களா?" என்று கேட்டாள்.

ஒஸ்ட்விங்கல் துடைப்பானைப் பார்த்தார், சட்டத்தரணியைப் பார்த்தார். தவறுதலாகக் கலந்திருக்கலாம் என்றார் சட்டத்தரணி. கலந்தது எண்ணூறு துண்டு. இமெல்டா அதை மேசையில், அவருடைய கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அன்று மாலை வாசலில் அந்தக் கதையை அவள் ஆறு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு மாலைதான் எல்லோரும் உண்மையாகவே வெல்வோம் என்று நம்பிய மாலை.

வியாழன் நல்ல மழை. பீப்பாயைச் சுற்றி நின்ற கூட்டம் குறைந்தது. சங்கம் கொடுக்கிற வேலைநிறுத்தப் பணம் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். வீட்டில் புருசன்மார் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, இரண்டு பெண்கள் மூலையில் திரும்பி நின்று சிவப்பு அங்கியைக் கழற்றிச் சுருட்டுவதை இமெல்டா கண்டாள். அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வான் வருகிற பக்கம் போனார்கள்.

சனி காலை பத்து மணிக்கு அதே ஹோட்டலில் கடைசிச் சுற்று. ஆஸ்பத்திரிகளில் பெரியது ஒன்று, திங்கட்கிழமை விரிப்பு வராவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போவோம் என்று கடிதம் எழுதியிருந்தது. ஒஸ்ட்விங்கலின் முகம் கஞ்சி போடாத துணி மாதிரித் தொங்கியது. பன்னிரண்டு மணிக்குப் புதிதாக ஒன்றை வைத்தார். எல்லோருக்கும் மூன்று வீதம். புதியவர்களுக்கும் பழையவர்களுக்கும் உள்ள இடைவெளியில் பாதி தை மாதம் தீரும். மீதிப் பாதி அடுத்த ஒப்பந்தத்தில். இந்த ஒப்பந்தம் பதினெட்டு மாதம்.

குழு பக்கத்து அறைக்குப் போனது. மூன்று பேர் ஓம், மூன்று பேர் இல்லை. இமெல்டா இல்லை என்று சொல்வதாகத்தான் வந்திருந்தாள். பாதி இடைவெளி என்றால் பாதிக் களவு. அதைச் சட்டமாக்கித் தன் பெயரையும் கீழே போடுவதா.

சாண்ட்ரா ஜன்னலோரம் நின்று தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். "நேற்று மத்தியானத்திலிருந்து பதினொரு பேர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். திங்கட்கிழமை உள்ளே போனால் சங்கம் கோபிக்குமா என்று கேட்டார்கள். பதினொரு பேர் கேட்டால் முப்பது பேர் கேட்காமல் போவார்கள். வாசலில் ஆட்களை எண்ண எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இன்றைக்கு அவர் பயந்துபோய் இருக்கிறார். திங்கட்கிழமை நாங்கள்தான் பயப்பட வேண்டும்."

பெயர்களை அவள் சொல்லவில்லை. ஆனால் புத்தகம் மேசையில் திறந்து கிடந்தது. தலைகீழாக இருந்தாலும் கூடைச் சீட்டு வாசித்துப் பழகிய கண் இமெல்டாவுடையது. ஏழாவது பெயர் யோகம்.

சிறிது நேரம் அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்தாள், திருகி மூடினாள். வியாழன் பின்னேரம் தியாகராசா யோகத்தின் வீட்டுக்குப் போய், வேலை மார்கழியோடு முடிகிறதே தங்கச்சி, திங்கட்கிழமை வந்தால் நான் கதைக்கிறன் என்று சொல்லியிருப்பார். அது நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தது போல இமெல்டாவுக்குத் தெரிந்தது. அவருக்கு ஆட்களின் பலவீனம் மணத்தாலேயே தெரியும். வாசலில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள், அதே கிழமையே போய்த் தொலைபேசியைத் தூக்கியிருக்கிறாள். யாருக்காக இடைவெளி இடைவெளி என்று ஏழு மாதம் தொண்டை கிழியப் பேசினாளோ, அவள்.

"நான் கை உயர்த்துகிறேன்" என்று சொன்னாள் இமெல்டா. "ஆனால் ஒரு பிரிவு கூடச் சேர்க்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்த ஒருவரையும் பழிவாங்கக் கூடாது என்று எழுதுவீர்கள்தானே. அதோடு, மார்கழியில் தவணை முடிகிறவர்கள் எல்லோருக்கும் இன்னொரு வருடம் நீட்ட வேண்டும். எல்லோருக்கும். அவர் பார்த்துப் பொறுக்குவது கிடையாது."

"அதற்கு அவர் சம்மதிக்க மாட்டார்."

"பெரிய ஆஸ்பத்திரியின் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்துக் காட்டுங்கள். சம்மதிப்பார்."

மூன்று மணித்தியாலம் போனது. அதில் ஒரு முழு மணித்தியாலம் 'எல்லோருக்கும்' என்ற ஒரு சொல்லுக்காகப் போனது. சட்டத்தரணி 'இயன்றவரை' என்று போடப் பார்த்தார். 'பொதுவாக' என்று போடப் பார்த்தார். படித்த மனிதர்கள் ஒரு சொல்லுக்குள் கதவு வைக்கிற வித்தையை இமெல்டா அருகில் இருந்து பார்த்தாள். அழுக்குப் பக்கத்தில் வேலை செய்த காலத்தில்கூட அவளுக்கு இப்படிக் குமட்டியதில்லை. கடைசியில் ஐந்தாம் பிரிவில் 'எல்லோருக்கும்' என்றே நின்றது. குழுவில் நாலுக்கு மூன்று என்று முடிந்தது. நாலாவது கை அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் கூட்டம். சாண்ட்ரா ஒலிவாங்கியில் முதல் பிரிவிலிருந்து வாசித்தாள். இரண்டாம் பிரிவில், பாதி இடைவெளி என்ற இடத்தில், மண்டபம் கொதித்தது. மற்றப் பிரிவுகளை யாரும் கேட்கவில்லை. யோகம் எழும்பி நின்றாள்.

"இமெல்டா அக்கா கை உயர்த்தினவவாம். ஏன் உயர்த்தமாட்டா? அவவுக்கு எட்டுத் தொண்ணூறு கிடக்கு, இப்ப மூண்டு வீதமும் கூட. நாங்கள் ஆறு நாள் மழையிலை நிண்டது பாதிக்கே? இன்னும் ஒரு கிழமை நிண்டிருப்பம். எங்களைக் கேட்டவையே?"

தமிழர் இருந்த வரிசைகளில் கை தட்டினார்கள். வெள்ளிக்கிழமை அங்கியைச் சுருட்டிய இரண்டு பெண்களும் தட்டினார்கள்.

இமெல்டாவின் நுனி நாக்கில் ஒரு வசனம் வந்து நின்றது. சாண்ட்ராவுக்கு நீர் வெள்ளிக்கிழமை என்னவாம் சொன்னனீர்? அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தில் யோகம் கதிரையில் இருந்திருப்பாள், பிறகு எந்தக் கூட்டத்திலும் எழும்பியிருக்க மாட்டாள். இமெல்டா அதை விழுங்கினாள். நல்ல மனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினொரு பேரையும் இன்றைக்கு அவிழ்த்துப் போட்டால், பதினெட்டு மாதத்துக்குப் பிறகு வாசலில் நிற்க ஆள் இராது. அந்தக் கணக்கு அவளுக்கு விளங்கியது.

"வாக்குப் போடுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

வேலைநிறுத்தம் தொடங்க நூற்றுக்கு எழுபத்தைந்து வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முடிக்க எவ்வளவு வேண்டும் என்பதைச் சாண்ட்ரா அப்போதுதான் நினைவூட்டினாள். ஒப்பந்தத்தை ஏற்க இருபத்தைந்து போதும். தொடர்ந்து நிற்க முக்கால்வாசிப் பேராவது வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வேலைநிறுத்தத்தை ஓட்ட ஏலாது என்பதுதான் அதன் அர்த்தம். எண்ணி முடித்தபோது நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் ஓம். அறுபத்திரண்டு பேர் இல்லை. ஒப்பந்தம் நிறைவேறியது.

இல்லை என்று போட்ட அறுபத்திரண்டில் பாதிப் பேர், அது எப்படியும் நிறைவேறும் என்று கணக்குப் பார்த்துத்தான் போட்டார்கள் என்பதில் இமெல்டாவுக்குச் சந்தேகமே இல்லை. திங்கட்கிழமை வேலைக்கும் போகலாம், தலையையும் நிமிர்த்திக்கொண்டு திரியலாம். வீரம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது யார்தான் வாங்கமாட்டார்கள்.

வேலை தொடங்கியது. மூன்று வீதம் எல்லோருக்கும் வந்தது. நின்றவர்களுக்கும் வந்தது, தியாகராசாவின் வானில் போனவர்களுக்கும் வந்தது. அப்படிக் கொடுத்தால்தான் ஆட்கள் சங்கத்தில் சேரமாட்டார்கள் என்று ஒஸ்ட்விங்கலுக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் ஒரேயொரு விஷயம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று இருந்தது: வருடத்துக்கு இரண்டு நாள் மேலதிக விடுமுறை. கார்த்திகை நடுவில் தியாகராசா இமெல்டாவின் இயந்திரத்தடிக்கு வந்தார். கையில் சங்கப் படிவம்.

"தங்கச்சி, இதிலை சங்கப் பிரதிநிதியின்ரை கையெழுத்தும் வேணுமாம்."

"ஆருக்கு அண்ணை? உங்கட முதலாளிக்கோ?"

"பகிடி விடாதையுங்கோ. கோயில் திருவிழாவுக்கு ரெண்டு நாள் லீவு காணாமல் கிடக்கு."

அவள் படிவத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, இரண்டு பக்கமும் ஆறுதலாக வாசித்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தியாகராசா இந்த முறை மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"பிறந்த திகதி போடேல்லை. சந்தா எந்த பாங்கிலை கழிக்கிறதெண்டு எழுதேல்லை. நீங்கள் எல்லாத்தையும் வாசிக்கிற ஆள் எண்டெல்லே சொன்னனீங்கள். நிரப்பிக்கொண்டு வாங்கோ."

அவர் நிரப்பிக்கொண்டு வந்தார். அவள் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். சந்தா சந்தாதான்.

யோகம் அந்த இரண்டு மாதமும் அவளோடு கதைக்கவில்லை. மார்கழி இரண்டாம் கிழமை, தவணை முடியும் பதினேழு பேருக்கும் நீட்டிப்புக் கடிதம் வந்தது. தமிழர்களுடைய கடிதங்களைத் தியாகராசா அலுவலகத்தில் வாங்கி, தன் கையால் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த நாள் யோகம் பட்டர் கேக் ஒன்று செய்துகொண்டு வந்து அவருக்குக் கொடுத்தாள். அவர் அழுக்குப் பக்கத்து வாசலில் நின்று, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டார்.

இமெல்டா மத்தியானம் வரை பொறுத்தாள்.

"கேக் என்னத்துக்கு?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் முதல் பேச்சு.

"வேலை நீட்டித் தந்திருக்கினம். தியாகராசா அண்ணை முதலாளியோடை கதைச்சவராம்."

இமெல்டா மேலங்கிப் பைக்குள் இருந்து மடித்த தாள்களை எடுத்தாள். ஒப்பந்தத்தின் பிரதி. "அஞ்சாம் பிரிவு" என்று சொல்லி அவளுடைய கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

யோகத்துக்கு ஜேர்மன் அவ்வளவு ஓடாது. இடைவேளை முழுக்க விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். மணி அடித்துத் திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"அண்டைக்குக் கூட்டத்திலை இதைச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"வாசிச்சவை. நீர் அந்த நேரம் கத்திக்கொண்டு நிண்டனீர்."

யோகம் தாளை மடித்தாள், பிரித்தாள். "நான் சாண்ட்ராவுக்கு ரெலிபோன் எடுத்தது உங்களுக்குத் தெரியும், என்ன?"

"தெரியும்."

"பிறகேன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை?"

"பதினொரு பேர் எடுத்தவை. உமக்கு ஏழாம் இடம். அதைப் போய் ஒரு பெரிய விசயமெண்டு நினைக்காதையும்" என்றாள் இமெல்டா. "உம்மிலை இரக்கப்பட்டு ஒண்டும் செய்யேல்லை. அடுத்த முறைக்கு ஆக்கள் வேணும்."

யோகம் அன்று பின்னேரம் வரை விரிப்புகளின் வலது மூலையை இழுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்து உடுப்பு மாற்றும்போது, கேக்கில் மீதி வீட்டில் இருக்கிறது, கொண்டுவரவா என்று கேட்டாள். அந்தாள் சாப்பிட்ட கேக்கின் மீதி எனக்கு வேண்டாம் என்று இமெல்டா சொல்லிவிட்டாள்.

பதினெட்டு மாதம் ஓடி முடிகிற நேரம், 2009 மாசியில், புதிய பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். இமெல்டா மறுபடி நின்றாள். யோகமும் நின்றாள். ஒவ்வொருவருக்கும் ஏழு வாக்குகள். இமெல்டா தன் ஏழையும் யோசித்து யோசித்துப் போட்டாள். யோகத்துக்குப் போடவில்லை. ஆறு நாளும் மழையில் நின்று, யாருக்கும் தொலைபேசி எடுக்காத ஒரு போலந்துக் கிழவிக்குப் போட்டாள். அந்தக் கிழவி வாயே திறக்காத மனுசி என்பது வேறு விஷயம்.

யோகம் எழுபத்தொரு வாக்கோடு வென்றாள். இமெல்டா அறுபத்தாறு. கிழவிக்கு ஒன்பது.